சும்மா, அறுபது வினாடி

ஒலிப்பதிவை யாரும் கேட்கவில்லை.
அதனால் நான்.

இயக்கம் நஸ்ரீன், கேமரா சியூ யென்,
தயாரிப்பு ஹர்விந்தர்,
அதாவது அவன் அண்ணனுடைய லோரி.
முதுகலை இரண்டாம் ஆண்டு;
ஆய்வேட்டுக்குப் பதிலாக இருபது நிமிடப் படம்.
ஊர் பீடோங், வீடு எங்கள் வீடு,
வாடகை மிச்சம் என்று முடிவானது.
பல்கலைக்கழகப் படிவத்தில்
'எதிர்பார்க்கும் அபாயங்கள்' கட்டத்தில்
பாம்பு, இடி, விழும் செம்பனைக் குலை
என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.
ஐஸ்கிரீம்காரர் மோட்டாரை மறந்துவிட்டோம்.

காட்சி இதுதான்:
மகளின் கல்விக் கடனுக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டிய அப்பா
பேனா எழுதவில்லை என்கிறார்.
அப்பாவாக வந்தவர் காப்புறுதி முகவர் ஞானமுத்து.
பேனா விரலில் பட்டாலே
கை தானாகச் சுழித்துவிடும் அவருக்கு.
ஒன்பது டேக். ஒன்பது தாளிலும்
தயங்காத கையெழுத்து.
பத்தாவதில் நஸ்ரீன்
உண்மையிலேயே மை தீர்ந்த பேனாவைக் கொடுத்தாள்.
அவர் முகம் போன போக்கைத்தான்
நீங்கள் படத்தில் பார்ப்பது.

பிறகு நான் கையைத் தூக்கினேன்.
"ரூம் டோன். ஒரு நிமிஷம். யாரும் அசையாதீங்க."

வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்:
வசனத்தை வெட்டினால் பள்ளம் விழும்.
எந்த மௌனத்தையும் கொட்டி அதை மூட முடியாது,
அந்த அறையின் மௌனம்தான் வேண்டும்.
நான் தமிழில் குறித்துக்கொண்டேன்:
சும்மா, 60 வினாடி.
சும்மா இருப்பது லேசில்லை என்று
நம்மவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்,
அதுவும் ஹெட்போன் இல்லாமல்.

மின்விசிறி நிறுத்தம்.
பிடுங்கிப்போட்ட ஃபிரிட்ஜுக்குள் சியூ யென்னின் கார் சாவி,
மறுபடி செருக மறக்காமலிருக்க.
ஞானமுத்து பேனாவும் கையுமாக.
ஹர்விந்தர் வாயில் கரிபாப், மெல்லாமல்.

முதலில் வந்தது ஆலை.
இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து
தன் ஒரே எழுத்தை உச்சரித்துக்கொண்டிருந்தது.
பிறகு வெயிலில் முறுக்கிக்கொள்ளும் தகரக் கூரை.
பதினெட்டாவது வினாடியில் வேறொன்று:
ஏறும், நிற்கும், இறங்கும்.
நிற்கிற இடத்தில்
ஒரு சின்ன விசில்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அம்மா.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
எட்டு மணிக்கு வந்து
எல்லாருக்கும் மீஹூன் பிரட்டி வைத்துவிட்டு
"நான் இருக்கறதே தெரியாது, நீங்க பாருங்க"
என்று படுத்தவள்.

இருபத்து நான்கு வருடம் அதே வீட்டில்.
அந்த விசிலை நான் கேட்டதில்லை.
நாளுக்கு நூற்றெண்பது வெள்ளி வாடகை மைக்
கேட்டது.

நாற்பத்தொன்றில் நஸ்ரீன் கண்ணால் கேட்டாள்,
என்ன சத்தம்?
ஜன்னல் பக்கம் தலையாட்டினேன்,
ஆலை என்பதுபோல்.

எடிட்டிங் அறை, விடியற்காலை மூன்று.
வெட்டிய இடமெல்லாம் பள்ளம்.
ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மாவைப் பரப்பினேன்.
மகள் கடன் பாரத்தை நீட்டும்போது,
அப்பா பேனாவை உதறும்போது,
இருவரும் பேசாத நேரத்திலெல்லாம்
அவள் தூங்குகிறாள்.

தேர்வாளர்கள் மூன்று பேர்.
ஒருவர் எழுதினார்:
பின்னணியில் லேசான இரைச்சல், நீக்கலாம்.
இன்னொருவர் கேட்டார், பக்கத்தில் கடலா?
பீடோங்கில் கடல் இல்லை சார் என்றேன்.
மூன்றாமவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பி பிளஸ்.

அம்மாவுக்கு லிங்க் அனுப்பினேன்.
ஷிஃப்ட் இடைவேளையில்,
கேன்டீனில், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தாளாம்.
வீடு நல்லா விழுந்திருக்கு என்றாள்.
அந்தப் பழைய காலண்டரைக் கழட்டியிருக்கலாம் என்றாள்.
அப்புறம்,
அன்னைக்கு ஃபிரிட்ஜில மீன் கெட்டுப்போனது
உங்க வேலைதானா?