நான்காம் தடத்தின் கூடை

லாண்ட்ஸ்பெர்கர் அல்லேயில்
ஆப்பிள் மரங்களுக்குக் கீழே
பூமிக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள் அந்தக் குளத்தை.
மூன்று நாள் விடுப்பெடுத்து
அங்கே நான் கூடை தூக்கினேன்.

எளிய வேலை.
நீந்துகிறவன் கழற்றிப் போடுவதை
நீலப் பிளாஸ்டிக் கூடையில் வாங்கிச்
சுவரோரம் கொண்டுபோய் வைக்க வேண்டும்.
ஓடக் கூடாது. கைதட்டக் கூடாது.
கூடைக்குள் பார்க்காதே என்று
யாரும் சொல்லவில்லை.

காலைச் சுற்று முடிந்தபோது
பதினாறாம் இடத்தில் இரண்டு பேர் நின்றார்கள்.
எஸ்தோனியாவின் ரைகோ தம்மிக்,
போர்ச்சுகலின் துவார்த்தே பின்யெய்ரோ.
இருவருக்கும் 22.41.
அரையிறுதியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி.
மறுபடி நீந்துங்கள் என்றது விதி.

மணி பன்னிரண்டரை.
கூட்டம் சாப்பிடப் போயிருந்தது.
கேமராக்களுக்கு உறை மாட்டியாயிற்று.
மேல்வரிசையில் ஒரு பெண் மட்டும்
டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்தாள்.
எழுந்து போகச் சோம்பலாக இருந்திருக்கும்.

தம்மிக்கின் கூடையில்
இடது குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு,
கழுத்து நனைந்த மேற்சட்டை,
தோலோடு பாதி வாழைப்பழம்,
ஒரு துண்டுத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால்
22.0 என்று எழுதி
அடியில் கோடிட்டு
அந்தக் கோட்டையும் அடித்திருந்தான்.

விசில்.
இரண்டு முதுகுகள் மடிந்தன.
காற்றை உறிஞ்சும் இயந்திரத்தின் முனகல்
அப்போதுதான் காதில் விழுந்தது.
பிறகு தண்ணீர், தண்ணீர் மட்டும்.

ஐம்பது மீட்டரில் மூச்சுக்கு இடம் வைப்பதில்லை.
தலையை ஒருமுறை திருப்பினால்
ஒரு விரல்கடை போச்சு.
கரையில் நின்ற நானும் பிடித்திருந்தேன் போல,
இரவல் சட்டையின் பொத்தான்
தொப்பையில் அழுந்தியது.

பலகை காட்டியது:
22.37
22.37

சாலட் பெண் சிரித்துவிட்டாள்.
தலைமை நடுவர் சிரிக்கவில்லை.
விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.
அடுத்த வரியும் அதே வரிதான்.

கண்ணிமைக்க ஒரு மாத்திரை.
உகரம் குறுகினால் அரை.
மகரம் குறுகினால் கால்.
அதற்குக் கீழே போக
எங்கள் இலக்கணத்துக்கு அவசியம் வந்ததில்லை.
இங்கே நொடியை நூறாக அரிந்தும்
இரண்டு ஆட்களைப் பிரிக்க முடியவில்லை.
ஆயிரமாக அரிந்தால் என்ன என்றேன்
ஐந்தாம் தடத்துக் கூடையை வைத்திருந்த உல்ரீக்கேயிடம்.
நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்தவள்.
“அரியலாம்.
ஆனால் குளம் கட்டியவன் கை அவ்வளவு நேரில்லை.
ஒரு தடம் இன்னொன்றைவிட
நகத்தளவு நீளமாக இருக்கும்.
பரிசை அந்த நகத்துக்கா கொடுப்பது?”

இடைவேளையில் இருவரும் ஒரே பெஞ்சில்.
பேசிக்கொள்ளவில்லை.
தம்மிக் வாழைப்பழத்தைத் தின்று
தோலைக் கூடையில் போட்டான்.
பின்யெய்ரோ தொப்பியை உள்வெளியாகத் திருப்பினான்,
திரும்பவும் திருப்பினான்.
இருவர் தொடையும் நடுங்கியது,
ஒரே கதியில் அல்ல.

மூன்றாவது முறை
அழகாக ஒன்றும் இல்லை.
கை உயர்ந்து விழுந்தது,
பழைய வேகத்தை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள்.
பாதிக்கு மேல் தம்மிக் மூச்செடுத்தான்.
பார்த்தேன், வாய் என் பக்கம் திறந்தது.

சுவரைத் தொட்டவன்
பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என் முகத்தைப் பார்த்தான்.

ஓடக் கூடாது, கைதட்டக் கூடாது.
முகத்தை என்ன செய்வதென்று
பயிற்சி வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.
அவன் படித்து முடித்துத் தலையாட்டினான்,
ஏதோ நான்தான் வருத்தப்பட வேண்டியவன் என்பதுபோல.

மாலை அரையிறுதியில்
பின்யெய்ரோ பதினாறாவதாக வந்தான்.

எம்-ஆறு டிராமில் வீடு திரும்பினேன்.
அடுத்த நிறுத்தம்வரை மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்.
கதவு மூடுவதற்குள் விட்டுவிட்டேன்.
சட்டைப்பையில்
அந்த வாழைப்பழத்தோல்.