எடை உட்கார்ந்த பிறகு

மடிப்பு மடிப்பாய்க் கிடக்கும் அந்த ஓவைஹி மண்சாலையில்
பதினெட்டு மைல்.
பின்னால் பதினாறு பெட்டி தேனீ.
இறக்கும்போது பார்த்தால்
நான்கில் அடை முறிந்திருந்தது,
ஒன்றில் ராணி நசுங்கிச் செத்திருந்தாள்.
தேன் ஒழுகி, புழுதியோடு சேர்ந்து,
வண்டியின் பின்கதவு வரை களியாகியிருந்தது.

ரைக்கர் எனக்கு விற்ற வண்டி.
அப்போது அவனுக்கு இருபது வயது.
ஆறு அங்குலம் தூக்கிக் கட்டியிருந்தான்.
ஏறுவதற்கு நான் ஒரு பால்கேனைக் கவிழ்த்துப் போடுவேன்.
ஜோர்டன் வேலியில் இருப்பதோ ஒரே தெரு.
அதில் அவன் போனால்
எல்லாத் தொப்பிகளும் அவனுக்குக் கீழே.

அக்டோபர் முதல் சனிக்கிழமை
இட்சியாரின் கொட்டகையில் ஜாக்கி வைத்தோம்.
வேலை செய்யும்போது அவள் பேசமாட்டாள், திட்டுவாள்.
முதல் அரைமணி நேரம்
துருப்பிடித்த யூ போல்ட்டைத் திட்டினாள்,
பாஸ்க் மொழியில்.
பிறகு கிரைண்டரை எடுத்தாள்.

அடியில் படுத்து நானும் பார்த்தேன்.
அச்சுக்கும் பட்டை வில்லுக்கும் நடுவே
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு இரும்புக் கட்டை.
அவ்வளவுதான் அந்த உயரம்.
இத்தனை நாளும் பொய்க்கால் கட்டிக்கொண்டு
என் தேனைச் சுமந்திருக்கிறது, பாவம்.
ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கக்கி
எப்போதோ செத்துப்போயிருந்தன.
கழற்றி அமுக்கினால்
போன இடத்திலேயே நின்றன.

சட்டத்தின் உட்புறம்
வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு தேதி. பக்கத்தில்:
‘அப்பா உதவவில்லை. நானே செய்தேன்.’
இட்சியார் வாசித்தாள். திட்டவில்லை.
துரு சுரண்டிய கம்பி பிரஷ்
அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

புது வில்லில் பட்டைகள் மெல்லியவை, எண்ணிக்கை அதிகம்.
பாரம் ஏற ஏற
ஒன்று அடுத்ததைத் துணைக்குக் கூப்பிடுமாம்.
புது ஷாக் அப்சார்பருக்குப் பக்கத்தில் தனியாய் ஒரு குடுவை,
எத்தனை மைல் அடித்தாலும் எண்ணெய் நுரைக்காதாம்.
விலை கேட்காதீர்கள்.
இரண்டு பீப்பாய் தேன் போயிற்று.

வில்லின் கண் போல்ட்டை இறுக்கப் போனேன்.
கையைத் தட்டிவிட்டாள்.
“தொங்கும்போது இறுக்கினா
ரப்பர் அந்தத் தொங்கலையே தன் இருப்புன்னு நினைச்சுக்கும்.
அப்புறம் தரையில நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும்
முறுக்கிக்கிட்டே நிக்கும். கிழியும்.
இறக்கு. எடை உக்காரட்டும்.”

இறக்கினோம்.
ஒட்டகம் படுப்பது போல்
முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம்.
மண்டியிட்டு
ஸ்பேனர் ‘டிக்’ என்று சொல்லும்வரை முறுக்கினேன்,
ஒவ்வொரு போல்ட்டாக.
வண்டி மூன்று விரல்கடை குறைந்திருந்தது.

திங்கட்கிழமை டீசல் போடுமிடத்தில் ரைக்கர்.
ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.
“குள்ளமாக்கிட்டீங்க.”
“ஆமா.”
கையை ஊன்றிக் குனிந்து அடியில் பார்த்தான், நெடுநேரம்.
என்ன தேடுகிறான் என்று எனக்குத் தெரியும்.
எழுந்தபோது முட்டியெல்லாம் புழுதி.
“நல்ல ஷாக்கு” என்றான்.
தட்டிவிடாமலே போய்விட்டான்.

அன்று சாயங்காலம்
மிச்சப் பெட்டிகளோடு மறுபடியும் அதே பதினெட்டு மைல்.
மடிப்புகள் எங்கும் போய்விடவில்லை.
சக்கரங்கள் கிடந்து துடிப்பது கண்ணாடியில் தெரிந்தது.
டாஷ்போர்டில் வைத்த காப்பி மட்டும்
விளிம்புவரை வந்து வந்து திரும்பியது.

பாதி வழியில் எஞ்சினை நிறுத்தி
பின்னால் ஏறி, ஒரு பெட்டியில் காது வைத்தேன்.
கோபமென்றால் அவற்றின் குரல் மேலேறும்.
ஏறவில்லை.
யாரோ தையல் மெஷினை
அவசரமில்லாமல் மிதிப்பது போலிருந்தது.

குளிர் இறங்கிவிட்டது. கிளம்ப வேண்டும்.
மூன்று விரல்கடை குறைந்து என்ன,
எனக்கு இன்னும் எட்டவில்லை.
பால்கேனைக் கவிழ்த்துப் போட்டு
ஏறினேன்.