நாற்பத்தைந்தில் முப்பத்தொன்று

பின்வரிசை நாற்காலியில் ஸர்மீதே.
என்னைவிட ஆறு வயது இளையவள், என்னை மதிப்பிட வந்தவள்.
மடியில் இரண்டு நிறுத்துக் கடிகாரங்கள்:
ஒன்று நான் பேசும்போது ஓடும்,
மற்றது அவர் வாசிக்கும்போது.

அவர் வியெஸ்துர்ஸ்.
கடற்படை வாத்தியக் குழுவில் பன்னிரண்டு வருஷம்.
விரல்கள் என்னுடையவற்றைவிட வேகம்.
மேல் ஸ்தாயியின் ஈ மட்டும் அவரிடம் நிற்பதில்லை.
ஈரக் கையிலிருந்து கண்ணாடிக் குப்பி போல
நழுவும், உடையும்.

எனக்கு நிற்கும்.
பதினாறு வயதிலிருந்தே நிற்கிறது.
எப்படி என்று கேட்டார்.

சொன்னேன்.
உதட்டைக் கொஞ்சம் முன்னால், இல்லை, தளர்த்தி,
மூச்சு கூராக, ஆனால் அழுத்தாமல்,
சூப்பை ஆற்றுவதுபோல,
இல்லையில்லை, மெழுகுவர்த்தியை அணைக்காமல்
சாய்க்க மட்டும் செய்வதுபோல.
துளைக்கு நேர் நடுவில், என்றேன். அது மிக முக்கியம்.
பிறகு வாசித்துக் காட்டினேன்.
அழகாக வந்தது.
அந்த அழகால் அவருக்கு ஒரு காசு பிரயோஜனமில்லை.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்,
பூட்டிய கடையின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பவராக.

வகுப்பு முடிந்ததும் ஸர்மீதே தாளை நீட்டினாள்.
நாற்பத்தைந்து நிமிஷத்தில் முப்பத்தொன்று நான்.
ஒன்பது அவர்.
மீதி ஐந்துக்கு எதிரே
‘வெப்பக் குழாயின் சத்தம்’ என்று எழுதியிருந்தாள்.
அடியில் பென்சிலில் ஒரு வரி:
நீ செய்வது உனக்குத் தெரியுமா?

கோபம்தான் முதலில்.
தௌகவா பாலத்தில் டிராம் ஊர்ந்தது.
ஆற்றின் மேல் பனிக்கட்டி,
நடுவே கறுப்பாய் ஒரு தண்ணீர்க் கோடு.
ஜன்னலில் மூக்கை வைத்து, குழல் இல்லாமல்,
அந்த ஈயை ஊதினேன்.

கண்ணாடியில் சின்ன ஆவிப் பொட்டு.
மூக்கு நுனி பதிந்த இடத்துக்குக் கீழே இல்லை.
இடப்பக்கம், அரை விரல் தள்ளி.
துடைத்துவிட்டு மறுபடி ஊதினேன்.
இடப்பக்கமே.
எதிர் இருக்கையில் கருப்பு ரொட்டிப் பையோடு இருந்தவர்
வேறு இடம் பார்த்து நகர்ந்தார்.

நான் ஒருநாளும் நடுவில் ஊதியதில்லை.
மேலுதட்டில் ஒரு சிறு சதைத்துளி, காற்றை ஒதுக்குகிறது;
உடம்பு அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டு
எனக்குச் சொல்லவில்லை.
எட்டு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்:
நடுவில், நடுவில், நேர் நடுவில்.

அடுத்த செவ்வாய் என் குழலைப் பெட்டியிலேயே விட்டேன்.
கைக்கண்ணாடியை அவரிடம் கொடுத்து,
ஊதுங்கள், எங்கே படிகிறது, என்றேன்.
அவ்வளவுதான்.

அவர் ஊதினார். பார்த்தார்.
கீழுதட்டின் வலது ஓரத்தைத் தொட்டார்.
பதினொன்றில் ஐஸ் ஹாக்கி, மூன்று தையல், என்றார்.
மருத்துவரைத் தவிர யாரும் இதைக் கேட்டதில்லை.

பிறகு குழலை ஒரு இழை நகர்த்தினார்.
இன்னொரு இழை.
இரண்டு கடிகாரமும் ஓடவில்லை.
எனக்குள் இருபது வாக்கியங்கள் வரிசையில் நின்றன,
மருந்துக்கடைச் சன்னலில் நிற்பவர்கள் மாதிரி,
ஒவ்வொன்றும் தனக்குத்தான் அவசரம் என்று.
உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

வந்தது.
தடித்த ஈ. கொஞ்சம் முரடு.
விளிம்பில் உப்புப் படிந்ததுபோல ஒரு கரகரப்பு.
நான் வாசித்திருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.
ஆனால் நின்றது, ஏழு விநாடி,
அவர் நிறுத்தும்வரை.

தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு என்பார்கள்.
குழலுக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான்.

மறுபடி, என்றேன்.

ஸர்மீதேயின் தாளில் இந்த முறை
எனக்கு நான்கு நிமிஷம்.
பாராட்டு எதுவும் இல்லை.
இன்னும் பெரிய கண்ணாடி வாங்கு, என்றிருந்தது.

வாங்கிவிட்டேன்.
மூன்று வருஷம் என்னிடம் படித்து,
நடுவில் ஊத வராமல் அழுது,
வயோலாவுக்குப் போய்விட்ட அக்னெஸேக்கு
இன்னும் கடிதம் எழுதவில்லை.