மூச்சுத்துளை

ஸ்பெயின் முத்திரை குத்திய பிளாஸ்டிக் உறையைக்
கத்தரியால் கிழித்தால்
சாம்பல் நிறத்தில், சதுரமாய், சில்லென்று
ஒரு வாசனையும் இல்லாமல் கிடக்கிறது மண்.
பத்துக் கிலோ. ஏழாம் வகுப்பு சி பிரிவுக்கு நான்கு உறை.

போன செவ்வாய் அல் கோரிலிருந்து தகீராவுக்குப் போயிருந்தோம்.
பள்ளிப் பேருந்தில் முப்பத்தெட்டுப் பேர்,
ஆளுக்கொரு தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒப்புதல் கடிதம்.
கடல் வற்றிய நேரம்.
அலையாத்தியின் அடியில், சேறு முழுக்க,
விரல் நீளத்துக்குக் குத்திட்டு நின்றன மூச்சுவேர்கள்.
"ஸ்ட்ரா மாதிரி" என்றான் நிதர்சன்.
சரி, அதையே செய்வோம் என்றேன்.

உள்ளங்கையில் உருட்டு. நுனியைக் கிள்ளி மெலிதாக்கு.
ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறு,
கூழ் தடவு, அழுத்து, லேசாய் அசை, விட்டுவிடு.
தடித்த உருவம் என்றால் உள்ளே குடை.
குடைந்ததை மூடினால் ஊசியால் ஒரு துளை;
உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வர வழி வேண்டும்,
இல்லாவிட்டால் சூளையில் வெடிக்கும்.
நான்கு முறை சொன்னேன்.
ஐந்தாவது முறை ஸுமையா எனக்குச் சொன்னாள்.

ஏசியை அணைக்க முடியாது, கட்டடத்துக்கே ஒன்று.
பீரியட் முடிவதற்குள் விளிம்பெல்லாம் வெளுத்து விரிசல் விடும்.
துப்புரவுக்கு வரும் திலகுமாரி
புதுத் துணி ஆறு நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து
காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோலப் போட்டாள்.

எல்லார் தட்டிலும் வேர். சிலரிடம் கொக்கு.
ஷெர்லின் மட்டும் ஒரு பலகை தட்டிப்
பென்சிலால் குத்திக் குத்திப் பொத்தல் போட்டிருந்தாள்,
ஒவ்வொன்றையும் சுற்றிக் கடுகளவு உருண்டைகள்.
"என்ன இது?"
"நண்டு, மிஸ்."
"நண்டு எங்கே?"
"நாமதான் முப்பத்தெட்டுப் பேர் போனோமே."

மதிப்பெண் படிவத்தில்
'உருவ ஒற்றுமை' என்று ஒரு கட்டம். ஐந்துக்கு.
காலியாக விட்டேன்.

வியாழன் இரவு சூளை. வெள்ளி, சனி விடுமுறை.
ஞாயிறு காலை கதவைத் திறந்தால்
நிதர்சனின் கொக்கு இல்லை.
வயிற்றைக் குடைந்திருக்கிறான், துளையை மறந்திருக்கிறான்.
சில்லு தெறித்து நாலு பேருடைய வேர்க்காடும் முறிந்து கிடந்தது.
அவன் அழவில்லை.
காதுமடல் மட்டும் சிவந்தது.

ஷெர்லினின் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஒரு பொத்தலில் மட்டும்
கொக்கின் அலகு தலைகீழாய்ச் சொருகி நின்றது.
இடுக்கியால் எடுக்கப் போனேன்.
"இருக்கட்டும் மிஸ்" என்றாள்.

நிதர்சன் குனிந்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தான்.
"கிடைச்சுதா?"
"இல்லடா. அது இன்னும் ஆழத்துல இருக்கு."