ஏழாவது ஃப்ரெட்

தடைக்காலத்தின் மூன்றாம் நாள்
இன்னாசிபிச்சையின் உடைந்த வத்தையிலிருந்து
ஒரு பலகை கேட்டேன்.
"அடுப்புக்கா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
கிட்டாருக்கு என்றிருந்தால்
காசு கேட்டிருப்பார்.

கோயில்வாடியில் விசைப்படகுகள்
விலாவோடு விலா இடித்துக்கொண்டு கிடக்கின்றன.
இன்ஜின் மெக்கானிக்குக்கு
அறுபத்தொரு நாள்
நகக்கண்ணில் கிரீஸ் இல்லை.

ஆயினிப் பலகை.
முப்பது வருஷம் உப்பைக் குடித்தது.
இழைப்புளி ஓட ஓட
சீவலோடு மீன் வாடை.
நடுவில் ஒரு ஆணி ஓட்டை.
அடைக்கவில்லை, பெரிதாக்கினேன்,
வால்யூம் குமிழ் அங்கே உட்கார்ந்துகொண்டது.

பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழு.
கம்பியின் நீளத்தை அதால் வகுத்தால் முதல் ஃப்ரெட்.
மிச்சத்தை மறுபடி வகுத்தால் இரண்டாவது.
இப்படியே இருபத்தொன்று வரை,
போகப் போக நெருங்கி நெருங்கி,
கரைக்கு வரும் அலைபோல
என்று எழுதலாம்தான்.
எனக்கு ஸ்பேனர் செட்டை
அளவு பார்த்து அடுக்கினது மாதிரி இருந்தது.

ஏழாவதில் பென்சில் தடித்துவிட்டது.
இரண்டு மில்லி.
அறுத்த பிறகுதான் தெரிந்தது.

கிழிந்த ஸ்பீக்கரின் காந்தத்தை உடைத்து
ஆறு போல்ட்டுக்கு அடியில் ஒட்டி
சீனி நாச்சியாவின் தையல் மிஷினில்
பாபின் சுற்றும் இடத்தில் மாட்டினேன்.
மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வந்த காயில் ஒயர்
தலைமுடியைவிட மெல்லிசு.
எண்ணுவதற்கு நம்புகுமார் வழி சொன்னான்:
பழைய கால்குலேட்டரின் சமன் பொத்தானில்
இரண்டு ஒயர் பற்றவைத்துவிட்டால்
சக்கரத்துத் தகடு சுற்றுக்கொரு தரம் உரசும்,
எண் ஒன்று கூடும்.
எட்டாயிரம் வேண்டும்.
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலில்
கரண்ட் போகவில்லை,
பூனை குறுக்கே வரவில்லை,
நான் தும்மினேன்.

இரண்டாவது தடவை
ஃபேனை நிறுத்தி, மூக்கில் துண்டு கட்டி,
நாச்சியா மிதிக்க நான் ஒயரைப் பிடித்தேன்.
கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில்
இவ்வளவு நேரம்
சண்டையில்லாமல் வேர்த்ததில்லை.

குல்ஃபி வண்டி ஆம்ப்ளிஃபயரில் செருகினேன்.
முதலில் 'ங்' என்று ஓர் இரைச்சல்,
பக்கத்து ஐஸ் கம்பெனி மோட்டாரின் அதே குரல்.
அதற்கும் மேலே, மெல்ல,
ஒரு பெண் சிங்களத்தில்
எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள்,
வானிலையோ வெங்காய விலையோ.
"யாரு இது?"
"அக்கரை."
"இதுக்கு ஒரு ரேடியோவே வாங்கியிருக்கலாம்."

பரோட்டா பார்சலின் வெள்ளித்தாளைக்
குழிக்குள் ஒட்டி எர்த் கொடுத்தேன்.
அக்கரைக்காரி போய்விட்டாள்.
இரைச்சலில் பாதியும் போனது.
மிச்சப் பாதி
கம்பியில் கை வைத்தால் நிற்கிறது,
எடுத்தால் வருகிறது.
காரணம் தெரியும், உடம்பும் ஒரு ஒயர்தான்.
தெரிந்தும்
தொட்டு, எடுத்து, தொட்டு,
மஃரிப் பாங்கு வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

"சரி, வாசிங்க" என்றாள்.

எனக்கு வாசிக்கத் தெரியாது.
இத்தனை நாளில் அதை யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
ஆறு கம்பியையும் ஒன்றாக இழுத்தேன்.
ஏழாவதில் விரலை அழுத்தி இன்னொரு தரம்.
லேசாகப் புளித்திருந்தது.
"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.
அந்த இரண்டு மில்லி அவளுக்குக் கேட்கவில்லை.
எனக்கு
அது மட்டும்தான் கேட்டது.

ஜூன் பதினாலு, ராத்திரி பன்னிரண்டு.
கரையெல்லாம் இன்ஜின் இருமுகிறது.
இன்னாசிபிச்சையின் போன்: ஸ்டார்ட் ஆகவில்லை.
கிளம்பும் முன்
பென்சிலைக் கூராகச் சீவி
ஏழாவதுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

டார்ச்சைப் பிடித்தபடி அவர் கேட்டார்,
"உப்பு ஊறின பலகையாச்சே, எரிஞ்சுதா?"

இன்ஜெக்டர் நட்டு வாயில் இருந்தது.
"கொஞ்சம் புகைஞ்சுதுண்ணே" என்றேன்.