இணைப்பு ஏழு

மூன்றாம் முறையும் கோப்பு திரும்பி வந்தது.
பச்சை மசியில் ஒற்றை வரி:
படுக்கை நிரம்பும் விகிதம் முப்பத்தெட்டு. தேவை நிறுவப்படவில்லை.

அந்த முப்பத்தெட்டைக் கூட்டி வகுத்தவன் நான்தான்.
பள்ளிப்பட்டு வட்டாரத்தின் புள்ளிவிவரக்காரன்.
கணக்கில் பிழையில்லை.

ஏட்டில் முப்பது கட்டில்.
சிமெண்ட் உதிரும் வார்டிலிருந்து பதினெட்டை இழுத்துச்
சுவரோரம் அடுக்கியாயிற்று.
மிஞ்சிய பன்னிரண்டும் காலியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை.
ஆனாலும் முப்பதால்தான் வகுக்க வேண்டும், படிவம் அப்படி.
கூரைக்காகத்தான் கட்டடம் கேட்கிறோம்.
கூரையால்தான் கட்டடம் இல்லை என்கிறார்கள்.

பொதுப்பணித்துறையிலிருந்து வரதய்யன் வந்தார்,
நாடாவைப் பிடித்தார், குழி தோண்டி மண் பார்த்தார்,
டீ குடித்தபடி ஏழரைக் கோடி என்றார்.
சொல்லும்போது ஏழுக்கும் கோடிக்கும் நடுவே
வடையைக் கடித்தார்.

இரவில் வலி கண்டால் இங்கே யாரும் திருவள்ளூரை நினைப்பதில்லை.
நகரி பக்கம்.
தறிக்கார தேசம்மாவுக்கு இரண்டும் அங்கேதான்.
எங்கள் பேரேட்டில் அவள் ஒரு சிறு கோடு:
வெளியிடப் பிரசவம்.
போனவர்களைக் கூட்ட எந்தக் கட்டமும் இல்லை.

ஆகவே கார்த்திகையில் நான்கு நாள்
நகரி பஸ் நிற்குமிடத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன்.
"எக்கடிக்கி?" என்று கேட்டால்
அரசாங்க ஆள் என்று கண்டு
"கோயிலுக்கு" என்றார்கள் பலர்.
அவர்களைக் கழித்தேன்.
ஸ்கேன் கவரோடு கோயிலுக்குப் போனவர்களை மட்டும்
கழிக்கவில்லை.
இருநூற்றுப் பதினான்கு.

படிவத்தில் இணைப்புகள் ஆறு.
"ஏழுக்கு வழியில்லையே சார்" என்றாள் மாவட்ட அலுவலக எமிலியா,
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ஆறாவதோடயே தைச்சு அனுப்புங்க."
தைத்தேன். சிவப்பு நாடா போதாமல்
வீட்டிலிருந்து பாவாடை நாடா.

கூட்டம் மூன்று மணி நேரமாம்.
நாற்பத்தொரு ஊர்கள், மதிப்பெண், தரவரிசை.
நாங்கள் முப்பத்தாறிலிருந்து பத்துக்கு ஏறியிருந்தோம்.
நிதி ஒன்பது ஊருக்கு.

ஒன்பதாம் ஊரின் நிலத்தில் ஏதோ
பங்காளி வழக்கு இருப்பதாக எமிலியா சொன்னாள்.
எந்த ஊர் என்று கேட்கவில்லை.
அங்கேயும் எவளோ பஸ்ஸுக்கு நிற்பாள்.

வழக்கு இழுக்கட்டும் என்று நினைத்தேன்.

காலையில் போய்
பதினெட்டுக் கட்டில்களையும் மறுபடி எண்ணினேன்.
ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது.
நிரம்பியது என்று எழுதலாமா என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.