காற்றுக்கு ஒரு முழங்கை

ரங்கூனில், அனோரதா ரோட்டின் மேல், மூன்றாம் மாடி.
பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பதடி நீளம்.
முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல்,
நடுவே நாங்கள்
தீப்பெட்டிக்குள் குச்சிகளாக.

டீக்கடையில் இரவெல்லாம் பலாட்டாவுக்கு மாவடித்துவிட்டு
காலை ஆறரைக்கு வருவார் அடைக்கலம்,
முழங்கை வரைக்கும் மைதாவோடு.
அவர் கண்மூடும் நேரம் பார்த்துத்தான்
பஸ்காரனுக்குத் தன் ஹாரன் நினைவுக்கு வரும்.
"சூலே, சூலே, சூலே" என்று ஸ்பேர் பையன்
எங்கள் தலையணைக்குள் ஆள் ஏற்றுவான்.

வெளிச்சம் அந்த அறையில்தான் என்பதால்
என் தையல் மிஷினும் அங்கேதான்.
(அந்தச் சத்தம் அவருக்குச் சத்தமில்லை.
ஏன் என்று நான் கேட்டதில்லை.)
ஜன்னலைச் சாத்தினால் அவர் தூங்குவார், எனக்கு இரைக்கும்.
திறந்தால் நான் மூச்சுவிடுவேன்,
அவர் மச்சைப் பார்த்துக் கிடப்பார்.
பதினோரு வருஷம்
ஒரே கொண்டியை ஆளுக்கொரு முறை
போட்டும் எடுத்தும்.

வாசோ மாதத்து மழை.
மூடிய கண்ணாடி வியர்த்தது.
பீரோவுக்குப் பின்னால் கறுப்பாய் ஒரு பூஞ்சைத் தீவு
நாளுக்கொரு துறைமுகம் கட்டியது.
"உன் இரைப்பா, என் தூக்கமா,
ஒன்றைச் சொல்" என்றார் ஒரு காலை.
நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

ரவிக்கை வெட்டும் காகிதத்தில் வரைந்தேன்:
ஜன்னலின் அடியில் ஒரு பெட்டி,
உள்ளே இரண்டு மடக்கு,
சட்டைக் கைக்குள் மடங்கி நுழையும் கை மாதிரி.
காற்றுக்கு வளைவதில் கூச்சமில்லை.
சத்தமும் வளையும்தான்,
ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம்
பஞ்சில் உரசி உரசித் தேயும்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் அவரே அறுத்துத் தந்தார்.
கல்யாணத் தலையணை இரண்டையும் கிழித்தேன்:
இலவம் பஞ்சு, அதன்மேல் கொசுவலை.
மிச்சக் கண்ணாடியின் விளிம்பெங்கும்
சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டினேன்.
நூலளவு இடுக்கு போதும்
ரோடு முழுக்க உள்ளே வர.

முதல் நாள். அமைதி.
ஊதுபத்தி கொளுத்திப் பெட்டியின் வாயில் பிடித்தேன்.
புகை அசையவில்லை,
பரீட்சையில் விடை தெரியாத பிள்ளைபோல
நேராக நின்றது.
மத்தியானம் எனக்கு மூச்சு அடைத்தது.
"கல்லறை கட்டியிருக்கிறாய்" என்றார்.
அன்று சோறு இறங்கவில்லை.

இரவு, அவர் இல்லாத கட்டிலில் கிடந்து
மச்சுவரை முட்டும் பலகைத் தடுப்பைப் பார்த்தேன்.
வர வழி வைத்தேன்.
போக வழி?
விடிவதற்குள் தடுப்பின் மேல்பலகை ஒன்றைக் கழற்றினேன்.
அடுப்பங்கரை ஜன்னலில்
வெளியே பார்த்து ஓட ஒரு விசிறி வைத்தேன்,
அது இழுக்கட்டும் என்று.
ஊதுபத்தி.
புகை குனிந்தது.
குனிந்து, யாரோ கூப்பிட்டது போல
உள்ளே நடந்தது.

கழற்றிய பலகைக்கு அந்தப் பக்கம் படுப்பவன்
கொழுந்தன் நாகலிங்கம்; பள்ளிக்கூடத்துக்கு அவுங் மின்.
இப்போது எங்கள் சண்டை எல்லாம் அவனுக்குக் கேட்கிறது.
குசுகுசுவென்று திட்டிக்கொள்ளப் பழகுகிறோம்.
பாதித் திட்டில் சிரிப்பு வந்துவிடுகிறது,
அந்தப் பக்கம் ஒரு இருமல்.
கரண்ட் போனால் விசிறி நிற்கும்,
அப்போது பழையபடி கொண்டி, பழையபடி நாங்கள்.

ஆனால் இன்று கரண்ட் இருக்கிறது.
ஏழரை மணி. அவர் வாய் திறந்து தூங்குகிறார்.
கீழே பஸ்கள்
கம்பளிக்குள் பேசுகிறவர்கள் போல.
மோஹிங்கா வண்டிக்காரி கூவியிருப்பாள்,
எனக்குக் கேட்கவில்லை.
இரண்டு மடக்கும் தாண்டி
எலுமிச்சம்புல்லும் மீனும் மட்டும் வந்தன.

பால்கனிக்குப் போய்
கூடைக் கயிற்றை இறக்கினேன்.